காபிக் குடுவை தல புராணம்

எந்தத் தல புராணத்தைப் புரட்டினாலும் ஒரு பசு வரும். மந்தையில் மற்ற மாடெல்லாம் ஒழுங்காகப் பால் கொடுக்க, இது மட்டும் சாயங்காலம் வெறும் மடியோடு வீடு திரும்பும். மாடு மேய்க்கிறவன் ஒருநாள் அதன் பின்னாலேயே போய் மரத்து மறைவில் நின்று பார்ப்பான். ஒரு புற்றின் மேல் அது தானாகப் பால் சொரிந்துகொண்டிருக்கும். தோண்டினால் லிங்கம். பிறகு ராஜா, கோபுரம், குளம், தேர், அறங்காவலர் குழு, அறங்காவலர் குழு மேல் வழக்கு. 'இந்த மாடு எங்கே போய்த் தொலைகிறது' என்ற வம்பு மட்டும் அந்த மாட்டுக்காரனுக்கு இல்லாமல் போயிருந்தால் தமிழ்நாட்டில் பாதிக் கோயிலுக்கு மூலவரே கிடையாது.

இணையத்தின் தல புராணமும் இதே ரகம்தான். ராஜகோபுரத்தில் 'தகவல் யுகம்', 'அறிவுப் புரட்சி', 'உலகமே ஒரு கிராமம்' என்று வண்ண வண்ணமாகச் சுதைச் சிற்பங்கள். உள்ளே போய்க் கர்ப்பக்கிரகத்தில் தீபம் காட்டச் சொல்லிப் பார்த்தால், பாதி காலியான ஒரு காபிக் குடுவை. இணையம் மனிதனின் அறிவுத் தாகத்தை வளர்த்ததா, தீர்த்துக்கட்டியதா என்று கருத்தரங்குகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுகிறவர்கள் இந்த மூலவரைத் தரிசித்ததில்லை. மனிதனுக்கு அறிவுத் தாகம் எப்போதுமே அளவாகத்தான் இருந்தது. அளவில்லாமல் இருந்தது வேறு. அடுத்தவன் என்ன செய்கிறான், அங்கே சூடாக என்ன இருக்கிறது, எழுந்து போகாமல் அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? சோம்பலும் வம்பும் கூடிப் பெற்ற பிள்ளை இணையம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெற்றோர் யோக்கியமாக இருந்திருந்தால் பிள்ளையே பிறந்திருக்காது.

புராணம் என்றால் பூர்வ ஜன்மக் கதை ஒன்று வேண்டும். 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போட்டு முடித்தார்கள். விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் புக்கானனுக்கு 98 சொற்களில் ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பினார். அது போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. மணிக்கு ஆறு சொல். இருந்தாலும் நியூயார்க் நகரம் ஆனந்தக் கூத்தாடியது. வாண வேடிக்கை விட்டார்கள். அந்தப் பொறி பட்டு நகர மன்றக் கட்டடத்தின் உச்சி மாடமே பற்றிக்கொண்டது. உலகம் இணைந்ததைக் கொண்டாடப் போய் ஊரைக் கொளுத்திக்கொள்ளும் பழக்கம் நாம் கண்டுபிடித்தது அல்ல.

கம்பிக்கு மின்சாரப் பொறுப்பாளராக இருந்தவர் வைல்ட்மன் வைட்ஹவுஸ். தொழிலில் அறுவைச் சிகிச்சை மருத்துவர். சமிக்ஞை மந்தமாக வருகிறதே என்று ஏறக்குறைய 2,000 வோல்ட்டை உள்ளே ஏற்றினார். வேண்டாம் என்று சொல்ல வில்லியம் தாம்சன் என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். பேராசிரியர் சொல்லை யார் கேட்டார்கள்? கம்பி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அறுவை வெற்றி, நோயாளி காலி.

இந்தியாவில் தந்தியை நட்டவரும் ஒரு டாக்டர்தான், வில்லியம் ஓஷாக்னசி. கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். மேற்கத்திய மருத்துவத்துக்குக் கஞ்சாவை அறிமுகப்படுத்தியவரும் அவரே. தந்திக்கும் கஞ்சாவுக்கும் சம்பந்தம் தேட வேண்டாம், இரண்டும் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும் என்பதைத் தவிர. நம் ஊரில் தந்தியை யாரும் அறிவுப் புரட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. தந்திக்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் ஒப்பாரி ஆரம்பித்துவிடும். 'வேலை கிடைத்தது' என்று உள்ளே எழுதியிருப்பது அழுது முடித்தபிறகுதான் தெரியவரும். 2013 ஜூலையில் அந்தச் சேவையை நிறுத்தியபோது கடைசி நாளில் ஜனங்கள் வரிசையில் நின்று தந்தி அனுப்பினார்கள். அந்த ஒரு நாள் மட்டும் தந்தி வந்தால் சாவு இல்லை, தந்திக்கே சாவு.

அட்லாண்டிக் கம்பி போடுவதற்கு நாலு வருஷம் முன்பே, 1854இல், காட்டுக்குள் குடிசை போட்டு வாழ்ந்து பார்த்த ஹென்றி டேவிட் தோரோ தன் 'வால்டன்' நூலில் இதையெல்லாம் கிண்டலடித்துவிட்டார். கடலைக் குடைந்து கம்பி போடுவீர்கள், அதில் முதலில் வந்து விழப்போவது ஏதோ ஓர் இளவரசிக்குக் கக்குவான் இருமல் என்ற செய்தியாக இருக்கும் என்பது அவர் கணிப்பு. தீர்க்கதரிசி. பிரபலங்களின் உடல்நிலையை மணிக்கொரு தரம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நமக்கு அவரைவிடப் பொருத்தமான குலகுரு இல்லை. தோரோ ஒன்றைத்தான் தவறவிட்டார். இளவரசியின் இருமல்தான் ஜனங்களுக்கு வேண்டியிருந்தது.

இனி இந்த ஜன்மம். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அணுகுண்டு விழுந்தாலும் அறுந்து போகாத வலையாகக் கட்டப்பட்டது என்று ஒரு வீர வரலாறு உலவுகிறது. அதற்குப் பணம் வாங்கிய பாப் டெய்லரே அதை மறுத்திருக்கிறார். நடந்தது இதுதான். 1966இல் பென்டகனில் அவர் அறையில் மூன்று டெர்மினல்கள் இருந்தன. ஒன்று சாண்டா மோனிக்கா கம்ப்யூட்டரோடு பேசும், ஒன்று பெர்க்லியோடு, ஒன்று எம்ஐடியோடு. ஓர் ஊர்க்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அதையே இன்னோர் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டுமென்றால் எழுந்து அடுத்த டெர்மினலுக்குப் போக வேண்டும். எழுந்து! அவர் நேராக மேலதிகாரி சார்ல்ஸ் ஹெர்ஸ்ஃபெல்டின் அறைக்குப் போய் 20 நிமிஷம் பேசினார். திரும்பும்போது கையில் பத்து லட்சம் டாலர். நாற்காலியை விட்டு எழ மனமில்லாத ஒருவருக்கு அரசாங்கம் இவ்வளவு செலவு செய்தது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

1969 அக்டோபர் 29, இரவு 10.30. லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து சார்லி க்ளைன் என்ற மாணவர், மென்லோ பார்க்கிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்று ஐந்து எழுத்துகளைத் தட்டத் தொடங்கினார். எல் போயிற்று. ஓ போயிற்று. மூன்றாவது எழுத்தில் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் மயக்கம் போட்டு விழுந்தது. ஆக, வலையின் திருவாய் மொழிந்த முதல் சொல் 'லோ'. அன்றிலிருந்து மனிதகுலம் லோலோ என்று அலைகிறது.

இந்த வலையின் அதிகாரபூர்வ நோக்கம், தூரத்திலுள்ள விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களின் திறனைப் பகிர்ந்துகொள்வது. பெரிய பெரிய கணக்குகளைப் போடுவதற்கு. நோக்கம் என்று ஒன்று இருந்தால் அதைக் கவிழ்க்க ஒருவர் வருவார். 1971இல் ரே டாம்லின்சன் வந்தார். வேறொரு கம்ப்யூட்டரில் உள்ளவருக்கு மடல் அனுப்பும் நிரலை யாரும் கேட்காமலே எழுதி, ஆள் பெயருக்கும் இயந்திரத்தின் பெயருக்கும் நடுவே @ குறியைப் போட்டார். அவர் அனுப்பிப் பார்த்த முதல் மின்னஞ்சல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து புறப்பட்டு, வலையைச் சுற்றி வந்து, அதே அறையில் பக்கத்திலேயே இருந்த இன்னொரு கம்ப்யூட்டரைச் சேர்ந்தது. ஒரே வீட்டுக்குள் ஹாலிலிருந்து அடுக்களைக்கு 'சாப்பாடு ரெடியா' என்று வாட்ஸ்அப் அனுப்புகிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அது ஆதி சம்பிரதாயம். அந்த முதல் மடலில் என்ன எழுதினோம் என்பதே டாம்லின்சனுக்குப் பிற்காலத்தில் நினைவில்லை. சக ஊழியரிடம் காட்டிவிட்டு, யாரிடமும் சொல்லிவிடாதே, நமக்குக் கொடுத்த வேலை இது இல்லை என்று எச்சரிக்கை வேறு செய்தாராம். இரண்டு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். ஆர்ப்பாநெட்டின் போக்குவரத்தில் முக்கால் பங்கு மின்னஞ்சல். பெரிய கணக்குகள் மீதிக் கால் பங்கில் ஒண்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

அந்த 1973 செப்டம்பரில் நடந்ததுதான் க்ஷவரக்கத்தி லீலை. இங்கிலாந்தில் பிரைட்டன் நகருக்குப் பக்கத்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் தொடர்பு மாநாடு. வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக ஆர்ப்பாநெட்டை அங்கே தற்காலிகமாக நீட்டியிருந்தார்கள். லென் க்ளைன்ராக் மாநாடு முடியும் முன்பே லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பிவிட்டார். 'லோ' புறப்பட்ட ஆய்வகத்தின் தலைவர் இவர்தான். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் மின்சார ஷேவரைக் காணோம். பிரைட்டன் விடுதிக் குளியலறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அந்த ஷேவருக்குத் தலை முழுகிவிட்டு நாடார் கடையில் ஒரு பிளேடு வாங்கியிருப்போம். க்ளைன்ராக் விஞ்ஞானி. அப்போது பிரைட்டனில் அதிகாலை 3 மணி. அந்த நேரத்தில் டெர்மினல் முன்னால் உட்காரக்கூடிய ஒரே பித்துக்குளி யாராக இருக்கும் என்று யோசித்தார். லாரி ராபர்ட்ஸ். பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பிலிருந்து இந்த வலையையே கட்டி எழுப்பியவர். வலையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிச் சொல்லும் வசதி ஒன்று அப்போதே இருந்தது. (கவனியுங்கள், கூகுள் பிறக்க இன்னும் கால் நூற்றாண்டு. அதற்குள் ஆள் எங்கே என்று மோப்பம் பிடிக்க வழி செய்தாயிற்று.) க்ளைன்ராக் தன் வீட்டிலிருந்து 'ராபர்ட்ஸ் எங்கே' என்று கேட்டார். பதில் வந்தது. ராபர்ட்ஸ் பிரைட்டனில், விழித்துக்கொண்டு, சாட்சாத் டெர்மினல் முன்னால். இருவரும் எழுத்திலேயே உரையாடினார்கள். ஷேவர் விஷயம் சொல்லப்பட்டது. மறுநாள் டேனி கோஹன் என்ற நண்பர் அதைப் பத்திரமாக லாஸ் ஏஞ்சலிஸ் கொண்டுவந்து சேர்த்தார்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ஓடும் வலையை ஒரு மனிதர் தன் தாடிக்காகப் பயன்படுத்தியது சட்டப்படி சரியில்லை என்று க்ளைன்ராக்கே பின்னாளில் ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ, மகாராணியின் 98 சொற்களைவிட இந்த ஷேவர்தான் உயர்வாகத் தெரிகிறது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் தூங்காமல் இருக்கும் இரண்டு பேர், ஒருவர் மறந்ததை இன்னொருவர் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். மனிதத் தொடர்பு என்று சொல்கிறார்களே, அதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்படி நாலு பேர் நிம்மதியாக இருக்கும் இடத்துக்கு வியாபாரி வராமல் இருப்பாரா? 1978 மே 3. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனை அலுவலர் கேரி தூர்க், ஆர்ப்பாநெட் பயனர்களின் அச்சிட்ட முகவரிப் புத்தகத்தை எடுத்து, ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலாகத் தங்கள் புதுக் கம்ப்யூட்டரின் விளம்பரத்தை அனுப்பினார். முகவரிகள் அவற்றுக்கான கட்டத்துக்குள் அடங்காமல் வழிந்து மடலின் உடலுக்குள்ளேயே கொட்டின. திறந்தவர்களுக்கு முதலில் பெயர்ப் பட்டியல், பிறகு விளம்பரம். ஒரே ரகளை. தூர்க்கோ கடைசிவரை வருத்தப்படவில்லை, அதனால் கோடிக்கணக்கில் விற்பனை ஆனதாகப் பெருமையே பட்டார். இந்தப் புராணத்தில் அசுரன் தோன்றும் கட்டம் இது. வதம் இன்னும் நடக்கவில்லை.

பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கோக் இயந்திரம் ஒன்று மூன்றாம் மாடியில் இருந்தது. கணினித் துறை வளர வளர, பலருடைய அறை அதிலிருந்து தூரமாகிவிட்டது. படி இறங்கிப் போனால் பாட்டில் தீர்ந்திருக்கும், அல்லது அப்போதுதான் அடுக்கியதால் வெதுவெதுப்பாக இருக்கும். படித்தவர்களால் இந்த அநீதியைத் தாங்க முடியவில்லை. இயந்திரத்தின் விளக்குகளை உளவு பார்க்க ஒரு பலகையைப் பொருத்தி, கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டார்கள். எந்த வரிசையில் எத்தனை பாட்டில், உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆயிற்று எல்லாம் தெரியும். மூன்று மணி நேரம் கடந்தால் 'ஜில்' என்று பதில் வரும். ஆர்ப்பாநெட்டில் இருக்கும் எவரும் எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, தான் ஒருபோதும் குடிக்கப்போகாத கோக் ஜில்லிட்டுவிட்டதா என்று விசாரித்தவர்களும் உண்டு. அறிவுத் தாகம் இல்லை என்று யார் சொன்னது?

அதே துறையில்தான் சிரிப்புக் குறியும் பிறந்தது. துறையின் கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகையில், லிஃப்டில் பாதரசத்தைச் சோதிக்கும் ஒரு விடுகதை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் குறும்பாக, இடதுகோடி லிஃப்டில் பாதரசம் கொட்டிக் கிடக்கிறது, ஜாக்கிரதை என்று எழுதிவைக்க, சிலர் அதை நிஜம் என்றே நம்பிவிட்டார்கள். ஜோக்கை ஜோக் என்று குறித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும் என்று பேச்சு வந்தது. 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் :-) என்பதைப் பரிந்துரைத்தார். எதிரே முகம் இல்லாத இடத்தில் மனிதன் முதலில் தேடியது ஒரு முகத்தை, அதுவும் சாய்ந்து கிடக்கிற ஒன்றை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்திக்கு யாரோ அழுதுகொண்டே சிரிக்கும் பொம்மையைப் போட்டு மாட்டிக்கொள்வதெல்லாம் இந்த வம்சாவளியின் கோளாறு.

டிம் பெர்னர்ஸ்-லீயை இரண்டு வரியில் கடக்கிறேன், கோபிக்க வேண்டாம். ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் அவர் வைய விரிவு வலையைப் படைத்தார். அங்கிருந்த ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களை அதன் பக்கம் இழுத்தது எது தெரியுமா? செர்ன் தொலைபேசி டைரக்டரியை அதில் ஏற்றியது. அணுவைப் பிளக்கிறவர்களுக்கும் கடைசியில் வேண்டியிருந்தது பக்கத்துக் கட்டடத்துக்காரரின் நம்பர்தான். வலையில் மிக ஆரம்பத்தில் ஏறிய புகைப்படங்களில் ஒன்று, செர்ன் ஊழியர்கள் நடத்திய 'லே ஒரிபிள் செர்னெட்' என்ற கேலிப் பாட்டுக்குழுவின் நான்கு பெண்கள். குவார்க்கின் படம் இல்லை.

இப்போது மூலவர் சந்நிதி. ஒதுங்கி நின்று சேவியுங்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகம், 1991. 'ட்ரோஜன் அறை' என்றோர் அறை. அதன் வாசலில் நடைகூடத்தில் ஒரு காபி வடிகட்டும் இயந்திரம். சுமார் 15 ஆய்வாளர்கள் சேர்ந்து காபிக்குப் பணம் போட்டிருந்தார்கள், ஆனால் ஆளாளுக்கு அந்தக் கட்டடத்தின் வெவ்வேறு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பல மாடி ஏறி இறங்க வேண்டும். ட்ரோஜன் அறைக்காரர்கள் வாசம் வந்ததும் கோப்பையோடு பாய்ந்துவிடுவார்கள். தூரத்துக்காரர் மூச்சிரைக்க வந்து சேரும்போது குடுவையின் அடியில் கறுப்பாக ஒரு வளையம் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் காபியும் அப்படியொன்றும் அமிர்தம் இல்லை, கொஞ்சம் பழசானாலே வாயில் வைக்க முடியாது. கும்பகோணத்தில் இதைக் காபி என்று நீட்டியிருந்தால் டபராவோடு திருப்பி ஊற்றியிருப்பார்கள். ஆனால் கிடைக்காத காபிக்கு ருசி தனி.

க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் களத்தில் இறங்கினார்கள். அவர்கள் செய்யவேண்டிய ஆராய்ச்சி வலைப்பின்னல் பற்றியது. செய்தது, வேதியியல் கூடத்துத் தாங்கி ஒன்றில் வீடியோ கேமராவைக் கட்டிக் குடுவையைப் பார்க்க வைத்ததுதான். வயரைத் தரைக்கு அடியில் ஓட்டி, ட்ரோஜன் அறையில் இருந்த ஏகோர்ன் ஆர்க்கிமிடிஸ் கம்ப்யூட்டரில் சொருகினார்கள். ஒருவர் வழங்கியை எழுதினார், இன்னொருவர் 'எக்ஸ்காஃபி' என்ற நிரலை எழுதினார். எல்லோருடைய திரையின் மூலையிலும் தபால்தலை அளவுக்கு ஒரு குடுவை தெரிந்தது. 128-க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிஷத்துக்கு மூன்று படம். குடுவை நிரம்புகிற வேகத்துக்கு அது தாராளம். படத்தில் நிறம் இல்லாதது குறையாகத் தெரியவில்லை, காபிக்கும் நிறம் அவ்வளவுதான் என்று ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர் பிற்பாடு சொன்னார். சுமார் ஒரே நாளில் முடிந்த வேலை. அவருடைய வாழ்க்கையில் இதைவிடக் கடினமாக உழைத்த ஆராய்ச்சிகள் எத்தனையோ இருக்கும். உலகம் அவரை விசாரிப்பது காபிக்காக.

இதுவரை இது குடும்பத்துக்குள் நடந்த விஷயம். படம் காட்டும் உலாவிகள் வந்தபிறகு, 1993 நவம்பரில் டேன் கோர்டன், மார்ட்டின் ஜான்சன் என்ற வேறு இருவர் குடுவையை வலையில் ஏற்றினார்கள். உலகத்தின் முதல் வெப்கேம். அவ்வளவுதான், லட்சக்கணக்கில் கூட்டம். கேம்பிரிட்ஜில் நியூட்டன் நடமாடிய கல்லூரி இருக்கிறது. டிஎன்ஏவின் முறுக்கேணி கண்டுபிடிக்கப்பட்ட கட்டடம் சில நிமிட நடையில். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் தகவல் மையத்தில் கேட்டது, அந்தக் காபிக் குடுவைக்கு எப்படிப் போவது என்று. ஜப்பானிலிருந்து மின்னஞ்சல் வந்தது, உங்கள் ஊர் ராத்திரி எங்களுக்குப் பகல், குடுவை இருட்டில் தெரியவில்லை, ஒரு விளக்கை எரியவிடக் கூடாதா என்று. அகண்ட தீபம்! யாரும் அதில் ஒரு வாய் குடிக்கப்போவதில்லை. நிரம்பியிருந்தால் திருப்தி, காலியாக இருந்தால் கவலை. பயன் கருதாத பக்தி.

மூலவருக்கு ஒரு மகத்துவம் இருந்தது. தன்னைப் பார்ப்பது யார், எந்த ஊர், என்ன வயசு, நேற்று எத்தனை நிமிஷம் பார்த்தார், அடுத்து எதைக் காட்டினால் நகராமல் இருப்பார் என்றெல்லாம் குடுவை குறித்துக்கொள்ளவில்லை. பார்த்தீர்களா, போய் வாருங்கள் என்று விட்டுவிட்டது. இப்போதைய தெய்வங்கள் அப்படியில்லை. நாம் தரிசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறோம், உண்டியல் நம் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவுகிறது. வம்பு நம்முடைய பூர்விகச் சொத்து. அதைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர்கள் பின்னால் வந்தவர்கள்.

குடுவையிலிருந்து மனிதருக்குத் தாவ அதிக நாள் பிடிக்கவில்லை. 1996இல் பென்சில்வேனியாவில் ஜெனிஃபர் ரிங்லி என்ற கல்லூரி மாணவி தன் அறையில் ஒரு கேமராவை வைத்து நாள் முழுக்க ஓடவிட்டார். பெரும்பாலும் அதில் தெரிந்தது காலி நாற்காலி. உலகம் அந்தக் காலி நாற்காலியையும் வாய் பிளந்து பார்த்தது. 2003 கடைசியில் அவர் போதும் என்று அணைத்துவிட்டார். ரிங்லிக்கு ஒரு வருஷம் முன்பே, 1995இல், கென் கோல்ட்பெர்க் குழுவினர் ஒரு சிறு பாத்தித் தோட்டத்தை வலையோடு இணைத்தார்கள். எங்கிருந்தோ ஒருவர் பொத்தானை அழுத்தினால் இயந்திரக் கை விதை நடும், தண்ணீர் ஊற்றும். முகம் தெரியாதவர்கள் ஒருவர் ஊருக்குப் போனால் அவர் செடிக்கு இன்னொருவர் தண்ணீர் விட்டார்கள். பின்பு தோட்டம் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து 2004 வரை இருந்தது.

நம் ஊர் இதில் எங்கே என்று கேட்பீர்கள். நமக்குக் கேள்வி கேட்க இணையம் தேவைப்படவில்லை, அஞ்சலட்டை போதும். வாராவாரம் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதிப் போட்டோம். ஜூனியர் விகடனில் சுஜாதா 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று விஞ்ஞானக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கேள்வியைவிட அடியில் தன் பெயரும் ஊரும் அச்சில் வருவதுதான் முக்கியம் என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் எழுதியவருக்கும் தெரியும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் புண்ணியத்தில் பொதுஜனத்துக்கு இணையம் திறந்தது. அடுத்த சில வருஷங்களில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு, பச்சைத் திரை, உள்ளே முனகும் மோடம், மணிக்கு இவ்வளவு என்று கல்லாவில் ஒருவர். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் அவர்தான் கிளி ஜோசியர். எண்ணைச் சொன்னால் சீட்டு எடுப்பார், பின்னால் நிற்கும் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி மார்க்கை வாசிப்பார். மற்ற நாளில் யாஹூ சாட். முகம் தெரியாத ஒருவர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊர். இதை மேலைநாட்டு நாகரிகம் என்று சிலர் பயந்தார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் எதிர் சீட்டுக்காரர் செங்கல்பட்டு வருவதற்குள் இந்த மூன்றையும் கேட்டு, சம்பளத்தையும் கேட்டு, 'நீங்க என்ன ஆளுங்க' என்பதற்கும் சுற்றி வளைத்து வந்துவிடுவார். யாஹூ கொஞ்சம் கூச்ச சுபாவம்.

நம் பங்குக்கு ஒரு பைத்தியக்காரத்தனமும் நடந்தது, அதையும் சொல்லாவிட்டால் பாவம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. தொடங்கியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம். பழந்தமிழ் நூல்களைப் பல நாட்டுத் தமிழர்கள் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடிப்பார், வேறு கண்டத்தில் ஒருவர் பிழை திருத்துவார். காசு கிடையாது, பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. யூனிகோடு பரவாத காலம், ஆளுக்கொரு குறியேற்றம். இங்கிருந்து போகும்போது செய்யுளாக இருந்தது, எழுத்துரு பொருந்தாத திரையில் கேள்விக்குறியும் கொம்புமாகப் போய் இறங்கும். வம்பு, சோம்பல் என்ற என் சித்தாந்தத்துக்கு இவர்கள் அடங்கவில்லை. ஒவ்வொரு புராணத்திலும் காரணம் சொல்லாமல் பூப்பறித்துக் கட்டிக்கொண்டே இருக்கிற அடியார் ஒருவர் வருவார், அந்தக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

மூலவர் கதைக்கு வருவோம். 2001இல் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. கேமராவை அணைக்க முடிவு செய்தார்கள். செய்தி லண்டன் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் முதல் பக்கங்களில் வந்தது. ஆகஸ்ட் 22 காலை நடை சாத்தப்பட்டது. கடைசிப் படத்தில் தெரிவது, வழங்கியின் நிறுத்துப் பொத்தானை அழுத்தும் விரல்கள். அந்தப் பத்து வருஷத்தில் குடுவை பல அவதாரம் எடுத்திருந்தது, உடைந்தால் புதுசு வாங்குவார்கள். கடைசி அவதாரம் க்ரப்ஸ் கம்பெனியுடையது. பழுதான அந்த இயந்திரத்தை ஈபேயில் ஏலம் விட்டார்கள். ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு எடுத்தது, அன்றைய மதிப்பில் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். காபி போடாத காபி இயந்திரத்துக்கு! க்ரப்ஸ் ஊழியர்கள் கைங்கரியமாகக் காசு வாங்காமல் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். ஷ்பீகல் அலுவலகத்தில் குடமுழுக்கு நடந்து, மீண்டும் காபி வடிந்தது.

தல புராணம் படித்தால் பலன் சொல்ல வேண்டும் என்பது மரபு. அதற்குப் பதில் ஓர் இடைச்செருகல் வைத்திருக்கிறேன். இணைய நெறிமுறைகளை வகுக்கும் பெரியவர்கள் வெளியிடும் ஆவண வரிசையில், 1998 ஏப்ரல் 1 அன்று லாரி மசின்டர் ஒன்றை எழுதினார். காபிக் குடுவைகளை வலைவழி இயக்குவதற்கான நெறிமுறை. முட்டாள்கள் தினக் கேலி, ஆனால் இலக்கண சுத்தமான ஆவணம். தேநீர்க் குடுவையிடம் காபி கேட்டால் அது 418 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பி, 'நான் தேநீர்க் குடுவை' என்று அறிவிக்க வேண்டும் என்று அதில் விதி. நிரலாளர்கள் இதை நிஜ மென்பொருள்களுக்குள்ளும் சேர்த்துவிட்டார்கள். தேநீரை மட்டும் ஓரம் கட்டினால் நியாயமா என்று 2014 ஏப்ரல் 1 அன்று அதற்கும் தனி நெறிமுறை வந்தது. 2017இல் மார்க் நாட்டிங்ஹாம் என்ற நெறிமுறை வல்லுநர், கேலி போதும், 418ஐ எடுத்துவிடுங்கள் என்றார். பள்ளிக்கூட வயதுப் பையன் ஒருவன் 418ஐக் காப்போம் என்று கிளம்ப, உலகெங்கும் ஆதரவு குவிந்தது. பெரியவர்கள் பின்வாங்கினார்கள். 2022இல் வந்த தரநிலையில் 418க்கு எதிரே 'பயன்பாட்டில் இல்லை' என்று குறித்து, வேறு யாருக்கும் கொடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர் டீக்கடையில் இந்தச் சிக்கலே வராது. 'மாஸ்டர், ஒரு காபி' என்று சொல்லிப் பாருங்கள். அதே பால், அதே கிளாஸ், மேலே ஒரு ஸ்பூன் காபித் தூள். 'இந்தாங்க சார்.'